அரசலாறும் அப்பாவின் வலையும்

இந்த ஊரில் கடல் தினமும் காணாமல் போகிறது. பிரான்சின் மேற்குக் கரைச் சிற்றூர் இது. நீர் வற்றும் வேளையில் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் விலகிக்கொள்ள, படகுகள் சேற்றில் சாய்ந்து உறங்கும். வந்து இத்தனை வருடமாகியும், ஜன்னலைத் திறந்ததும் கடல் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். எங்கள் காரைக்கால் கடல் எங்கும் போகாது. போனவர் அப்பாதான். ஓர் ஐப்பசியில் மீன்பிடிக்கப் போனவர் திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. கிழிசல் பார்க்கக் கரையில் விட்டுப்போன வலை மட்டும் மிஞ்சியது.

அந்த வலையையும் தன் அரக்குக் கூறைப் புடவையையும் அம்மாதான் எனக்குக் கொடுத்தனுப்பினாள், துணியில் நான் செய்யும் சித்திர வேலைக்காக. புடவையை வெட்டி, எங்கள் ஊரில் கடலில் கலக்கும் அரசலாறாக ஓடவிட்டேன். இந்தக் கரையின் உலர்ந்த பாசியையும் கிளிஞ்சலையும் கோத்து, வலையைக் கடலாக விரித்தேன். தைக்கும்போதெல்லாம் மழைக்குப் பிந்தைய முகத்துவாரம், செந்நீர் நீலத்தில் கரையும் அந்த இடம், ஊசிமுனையில் மிதந்து வரும்.

சென்ற வசந்தத்தில் அதை ஊர்க் கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அப்போது அம்மாவும் இங்கே வந்திருந்தாள். திடீரென்று, "நோன், மதாம்!" என்று தடுக்கும் ஒரு குரல். திரும்பினால், அம்மா வலையை இரு கையாலும் அள்ளி முகத்தோடு சேர்த்திருந்தாள். தொடக்கூடாதென்று காவல் பெண் விரலாட்ட, யாருடையதென்று கேட்கிறாளாக்கும் என நினைத்து அம்மா பெருமையாகச் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரர் வலைங்க." நான் விளக்கியதும் அந்தப் பெண்ணின் கை தானாகத் தாழ்ந்தது.

ஊர் மன்றம் அதை வாங்கிக் கூடத்திலேயே மாட்டிவைக்க விரும்பியது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"குடுத்துடப் போறியாடி?"

"ஆசையா கேக்குறாங்கம்மா."

"முடிச்சப் பாத்தியா? ரெட்டையா போட்டிருக்காரு. இப்படி அவருதான் போடுவாரு." விரல்களால் காற்றில் அந்த முடிச்சைப் போட்டுக் காட்டினாள். "கடல நான் கொண்டு போறேன். ஆறு ஒங்கிட்ட இருக்கட்டும்."

"பிரிச்சா படமே போயிடும்மா."

"போனா போவுது. அவர வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா நெனச்சுக்கறேன்."

மன்றத்துக்கு இல்லையென்று சொல்லிவிட்டேன். படம் வீடு வந்ததும், ஆறும் கடலும் சேரும் இடத்தில் நான் தையலைப் பிரிக்க, அம்மா வலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

இப்போது அது காரைக்கால் வீட்டுச் சுவரில் இருக்கிறது. மழை நாட்களில் அதிலிருந்து ஏதோ வேற்றுக் கடலின் வாசம் வருகிறதென்று போனில் சொல்கிறாள். இங்கே என் சுவரில் அரசலாறு ஓடிவந்து பாதியில் நிற்கிறது. ஜன்னல் காற்றில் அதன் பட்டிழைகள் வெள்ளைச் சுவரைத் தடவிப் பார்க்கின்றன, கடல் எந்தப் பக்கம் என்று.