குடிக்காதவனுக்குக் கட்டிய கயிறு

எங்கள் பட்டறையில் தூசிக்கு நிறம் உண்டு. மற்ற இடங்களில் தூசி வெறும் தூசியாக இருக்கும், எங்களிடம் அது மஞ்சள். திருமங்கலம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, கருவேலங்காட்டுக்கும் ஒரு வறண்ட கண்மாய்க்கும் நடுவில், பேருந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறை. நான் அங்கே ஸ்டோர் பார்க்கிறேன். உப்புத்தாள், பட்டி, தின்னர், பிரஷ் எல்லாம் என் கை வழியாகத்தான் வெளியே போகும். புது வண்டி கட்டுவது குறைந்துபோய், பழையதைப் புதிதாக்குவதுதான் இப்போது பிழைப்பு. பள்ளிக்கூடப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். மேலே வெயிலில் வெளுத்த மஞ்சள், அதற்கடியில் இன்னொரு மஞ்சள், அதற்கும் அடியில் துருப்பிடிக்காமல் இருக்க யாரோ எப்போதோ அடித்த செந்தூரப் பூச்சு. அத்தனையும் உரித்தால்தான் தகரம் முகம் காட்டும்.

உரிக்கிறவன் ஒருவன் இருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டு வீடு ஒன்றிலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து வருவான். என்னைவிட இளையவன், என்னை அண்ணே என்பான். அப்பாவைக் குடிக்குப் பறிகொடுத்தவன். அதனாலேயே கல்யாண வீட்டில் கலர் பாட்டில் நீட்டினால்கூட மூடி உடைத்ததை வாங்க மாட்டான். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் இந்த உலகத்தில் இதை நம்புகிறவன் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது.

கிரைண்டரைப் பிடித்து அவன் பெயிண்டைத் தேய்க்கும்போது பட்டறையே ஒரு மஞ்சள் மூச்சு விடும். தகரக் கூரை இடுக்கு வழியாக விழுகிற வெயில் கம்பியில் அந்தத் தூள் மேலும் கீழும் நீந்தும். பார்க்க அழகாக இருக்கும், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. டீ கிளாஸில் படியும், வடையில் படியும், அவன் கண்ணிமையில் படியும். முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போகிறவன், வெளியே வரும்போது திருவிழா முடிந்து வருகிறவன் மாதிரி இருப்பான்.

"என்ன மாப்ள, எந்த மொறைப்பொண்ணு மஞ்சத்தண்ணி ஊத்துனா?" என்பார்கள் வெல்டிங் ஆட்கள்.

"ஊத்துனவ ஒங்க தங்கச்சிதேன், போய்க் கேளுங்க," என்பான். பட்டறை சிரிக்கும். அப்போதெல்லாம் அவனுக்குப் பதில் சொல்லத் தெம்பு இருந்தது.

பிறகு அந்தத் தெம்பு கசிய ஆரம்பித்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துவிட்டுச் சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேருந்தின் அடி நிழலில் சுருண்டு படுப்பான். கை நடுங்கும். டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்தி, கோயிலில் தீர்த்தம் வாங்குகிறவன் போலக் குடிப்பான். சொன்னது மறந்துபோகும், சின்ன விஷயத்துக்கெல்லாம் வள்ளென்று விழுவான். கை நடுக்கம், வயிற்று வலி, கோபம். எங்கள் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்து ஓர் ஆணிடம் வந்தால் அதற்கு ஒரே பெயர்தான் உண்டு. போதாததற்கு அவன் உடம்பில் தின்னர் வாடை வேறு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். வீட்டிலும் அவன் பொண்டாட்டி மூடினாள்.

"அவன் குடிக்க மாட்டான்யா," என்று ஃபோர்மேனிடம் சொன்னேன்.

"நீங்க என்ன, ராத்திரி அவன் கட்டிலுக்கு அடியிலயா படுத்துருக்கீக?" என்றார். பட்டறை மறுபடி சிரித்தது.

அவனுடைய மச்சினர், பொண்டாட்டிக்கு அண்ணன், நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு ஒரு சவுகரியம் கிடைத்திருக்கும். தங்கச்சி அழுகிறாளே என்று வந்தார், மாப்பிள்ளையை அதட்டவில்லை, கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, விட்டுருங்க. ஒருக்கா சாமி முன்னாடி சொல்லிக் கயிறு கட்டிக்கிட்டா அது பாத்துக்கிரும். நான் கட்டித்தேன் விட்டேன்," என்றார். குடியை விட நினைக்கிறவனைக் காளி கோயிலுக்குக் கூட்டிப்போய், இனி தொட மாட்டேன் என்று சத்தியம் வாங்கி, பூசாரி மந்திரித்த கயிற்றைக் கையில் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எத்தனையோ குடும்பம் அந்தக் கயிற்றால் நிமிர்ந்திருக்கிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

"குடிச்சாத்தானணே விடுறதுக்கு," என்று என்னிடம் சொன்னான். ஆனால் பொண்டாட்டி பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். கயிறு கட்டாவிட்டால் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். போனான். குடிக்காத மனுஷன் இனிக் குடிக்க மாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். எலுமிச்சம்பழச் சாறு வாயில் பிழிந்தார்கள். மறுநாள் காலையில் கையில் சிவப்புக் கயிற்றோடு வந்து, அதே கிரைண்டரைப் பிடித்து, அதே மஞ்சளை உரித்தான்.

பிறகு நடக்க வேண்டியதுதான் நடந்தது. நடுக்கம் கூடியது. வயிறு முறுக்கியது. இப்போது அவன் வெறும் குடிகாரன் இல்லை, சத்தியத்தை மீறின குடிகாரன். முன்பு திட்டினவர்கள் இப்போது பயந்தார்கள். சாமி குத்தம் நம்ம மேலயும் வந்துரும் என்று வெல்டிங் ஆட்கள் அவன் தூக்கிலிருந்து ஊறுகாய் எடுப்பதைக்கூட நிறுத்தினார்கள். பொண்டாட்டி போயே விட்டாள். "குடிய விட்டாத்தேன் வருவேன்," என்று போனில் ஒரே வார்த்தை. இல்லாததை எப்படி விடுவது? அவள் திரும்பி வருவதும் வராததும் அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அலறிக்கொண்டு விழுந்தான். லிவர் போச்சு என்றார் ஃபோர்மேன். ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சின்ன வயது டாக்டரம்மா. எடுத்த எடுப்பிலேயே, "எவ்வளவு நாளா குடிக்கிறீங்க?" என்றார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். குடிக்க மாட்டான் என்று நான் சொன்னேன். எல்லாக் குடிகாரனோடும் அப்படிச் சொல்ல ஒருவன் வருவான் போலிருக்கிறது, அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றார். ஈறோரம் கறுப்பாக ஒரு கோடு. கையை நேராக நீட்டச் சொன்னார். மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் கை துவண்டு விழுந்தது, வாடின கீரைத்தண்டு மாதிரி.

"என்ன வேலை பாக்குறீங்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் அவன் வேலை தெரியும். தெரிந்ததனாலேயே கேட்கவில்லை.

ரத்தத்தில் காரீயம் என்று முடிவு வந்தது. பழைய பெயிண்டுகளில் நிறம் மங்காமல் நிற்க அதைச் சேர்த்திருப்பார்கள், ஈரமில்லாமல் தேய்த்தால் தூளாகி மூச்சோடும் சோற்றோடும் உள்ளே போகும், எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னார். துணியோடு வீட்டுக்கும் போகும் என்றார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, அவன் சட்டையை அடித்துத் துவைத்தவளுக்கும் வயிறு சுருட்டிப் பிடிக்கிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். அவளுக்கு வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். ஒரே தூசிதான். ஆணுக்குள் போனால் சாராயம், பெண்ணுக்குள் போனால் வாயு.

முதலாளியிடம் சொன்னேன். "ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்ச வம்சம்யா நாம. அதுல சாகாதவன் பெயிண்டுலயா சாகப் போறான்?" என்றார். சொம்பில் பூசுவது வெள்ளீயம், இது காரீயம், வேறு உலோகம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஆனால் வண்டி அனுப்புகிற மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் காதுக்குச் செய்தி எட்டி, அவர்கள் எங்க பிள்ளைக ஏறுற வண்டியாச்சே என்று ஒரு வார்த்தை கேட்டார்கள். அவ்வளவுதான், மறுவாரமே பட்டறை மாறியது. ஒருவன் கை துவண்டதற்கு மாறாதது, ஒரு போன் காலுக்கு மாறியது.

வெளியிலிருந்து இதற்கென்று ஆள் வந்து முறை சொல்லிக் கொடுத்தார். உரிக்கிற இடத்தைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி அடைத்தோம். தரையில் தடித்த பிளாஸ்டிக் விரித்தோம். கிரைண்டர் கூடாது, நெருப்பு வைத்துப் பொசுக்குவதும் கூடாது. தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு தேய்க்க வேண்டும். கைக்குட்டை போய், வடிகட்டி வைத்த முகமூடி வந்தது. வேலைத் துணி பட்டறையிலேயே தங்கும், வீட்டுக்குப் போகாது. கையும் முகமும் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீயைத் தொடக் கூடாது. விளக்குமாறு தடை, ஈரத்துணியால் துடைத்துத்தான் எடுக்க வேண்டும். உரிந்த செதில், தேய்ந்த தாள், துடைத்த துணி எல்லாம் தடித்த பைக்குள் கட்டி, மூடி போட்ட டிரம்முக்குள்.

"தண்ணி போட்டா தகரம் துருப்பிடிச்சிரும்ணே," என்றான் ஒருவன்.

"இத மாட்டிக்கிட்டா பொண்டாட்டி போன் போட்டாப் பேச முடியலயே," என்றான் இன்னொருவன்.

"அதுக்குத்தேன் கண்டுபிடிச்சிருக்காக, சும்மா மாட்டு!" என்றார் ஃபோர்மேன்.

அதுவரை தூளையெல்லாம் அள்ளிக் கண்மாய்ப் பள்ளத்தில்தான் கொட்டிவந்தோம். மழை பெய்தால் பள்ளத்தில் மஞ்சளாக நீர் தேங்கும், ஆடுகள் வந்து குடிக்கும். இப்போது இந்த மாதிரிக் கழிவை எடுக்க அனுமதி உள்ள லாரிதான் வந்து ஏற்ற வேண்டும். லாரி நினைத்தபோது வராது. அதுவரை டிரம்களைக் கூரைக்கடியில் நிறுத்தி, சங்கிலி போட்டுப் பூட்டினோம். தண்ணிக்கஷ்டமான ஊர், நல்ல டிரம் என்று யாராவது உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுக் குடிநீருக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். நாங்கள் பூட்டியது விஷத்தை அல்ல, டிரம்மை.

அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து கொடுத்து அனுப்பினார்கள். தூசிப் பக்கமே போகக் கூடாது என்றதால் முதலாளி கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார். மெல்ல மெல்லச் சோறு இறங்கியது. நடுக்கம் அடங்கியது. கை முழுதாகத் திரும்பவில்லை, ஆனால் சட்டைப் பொத்தானைத் தானே போடுகிற அளவுக்கு வந்தது. நான் மச்சினரைத் தேடிப் போய், டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இருக்கும்ணே. குடிச்ச ஒடம்புலதேன் அந்த வெசம் சட்டுனு ஏறும். நாமளும்தேன் தெனம் பஸ்ல போறோம் வாரோம், நமக்கு ஏறுச்சா?" என்றார். பிறகு கண்கலங்கி, "எப்பிடியோ, சாமி கைவிடல. லேட்டாப் பலிச்சாலும் கயிறு பலிச்சிருச்சு," என்றார்.

கயிறு பலித்துவிட்டது. ஊர் முழுக்க அப்படித்தான் பேச்சு. மாப்பிள்ளை திருந்திவிட்டார் என்று பொண்டாட்டி பெட்டியோடு திரும்பி வந்தாள். ஃபோர்மேன் கைகுலுக்கினார். வெல்டிங் ஆட்கள் ஊறுகாய் எடுத்தார்கள். யாரும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கவில்லை, மன்னித்துவிட்டார்கள். அது இன்னும் மோசம். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு கிடைத்தவன் அதை எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பான்?

போன ஆடியில் மச்சினர் பட்டறை கேட்டுக்கே வந்தார். சொந்தத்தில் ஒரு பையன் குடித்துச் சீரழிகிறான், அவனுக்குக் கயிறு கட்டப் போகிறோம், "நீங்க வந்து நாலு வார்த்த சொல்லணும் மாப்ள, பட்டுத் திருந்துனவுக சொன்னாத்தேன் ஏறும்," என்று கூப்பிட்டார். அவன் மறுப்பான் என்றுதான் நினைத்தேன். வாரேன் என்றான். நானும் கூடப் போனேன்.

கோயில் வேப்பமரத்தடியில் அவனை நடுவில் உட்கார வைத்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"மொதல்ல பீருதேன். கல்யாண வீட்டுல ஒரு சேக்காளி ஊத்திக் குடுத்தான். அப்பறம் வாரத்துல ஒரு நாளு, அப்பறம் தெனம். கை நடுங்கும் பாருங்க, கிளாஸப் பிடிக்க முடியாது. அந்த நடுக்கம் அடங்கணும்னே குடிப்பேன்..."

தட்டுத் தடுமாறவில்லை. எந்தக் கடை, எந்தப் பாலத்தடி, யார் கூட, எல்லாம் வந்தது. அப்பாவிடம் பார்த்ததையெல்லாம் தன் மேல் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பொண்டாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆமா, நானே எம்புட்டு நாளு பாத்திருக்கேன்," என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு உண்மையாகவே அப்படித்தான் ஞாபகம் இருந்தது.

குழாயடியில் கை கழுவும்போது, "ஏண்டா இப்பிடி?" என்றேன்.

"வேற என்னத்தணே சொல்ல? காரீயம்னா ஒருத்தருக்கும் விளங்கல. குடியின்னா எல்லாருக்கும் விளங்குது. அவ வந்துட்டால்ல, விடுங்க." சரியாக மடங்காத விரல்களை உதறிக்கொண்டு பந்திக்குப் போனான். முதல் இலை அவனுக்குத்தான் போட்டார்கள்.

நான் கடைசியில் இருந்த இலையில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர், முன்பின் தெரியாத பெரியவர், என் பக்கம் பரிவோடு சாய்ந்தார்.

"நீங்க எப்பத் தம்பி விட்டீக?"

"நான் குடிச்சதே இல்லைங்க."

அவர் சிரித்துக்கொண்டே என் இலைக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னார். "மொதல்ல எல்லாரும் அப்பிடித்தேன் சொல்லுவாக."