ஒரே அளவில் இரண்டு கவுன்

தாம்பரம் மார்க்கெட்டில் துணிக்கடைக்காரர் பிள்ளைகளின் வயதைக் கேட்பார். நான் சொல்ல மாட்டேன். "ஒரே அளவுல ரெண்டு குடுங்க" என்பேன். ஒருமுறை மஞ்சள் கவுன் கிடைத்தது, முன்னால் வாத்துப் படம் போட்டது. பெரியவளுக்கு அப்போது மூன்று வயது, சின்னவளுக்கு இரண்டு. பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் உயரம் ஒன்றுதான்.

இருவருக்கும் அதைப் போட்டு மின்சார ரயிலில் ஏறினால் லேடீஸ் பெட்டியே திரும்பிப் பார்க்கும். "ரெட்டையாக்கா?" என்று பூக்காரம்மா கேட்பார். ஆமாம் என்பேன். இரண்டு தலையிலும் மல்லிகை வைத்துவிடுவார். குரோம்பேட்டை வருவதற்குள் பெரியவள் என் மடியில் தூங்கிவிடுவாள். எப்போதும் அவள்தான் முதலில் தூங்குவாள். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது. அதுதான் எரிச்சல்.

பெரியவளுக்கு ஏழு மாதம் இருக்கும்போது நான் மறுபடியும் உண்டானேன். அவள் பிறந்த பிரசவ வார்டிலேயே நர்ஸ், அடுத்ததைத் தள்ளிப்போடக் காப்பர்-டி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். பார்த்துக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தேன்.

வயிற்றில் ஒன்று இருக்கும்போது தாய்ப்பால் குடித்தால் கைக்குழந்தைக்குச் சேராது என்றார் மாமியார். வேப்பிலையை அரைத்து என் மார்பில் தடவினார். பெரியவள் வாயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. நான் கழுவிவிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணீர் கலந்த பாட்டில் பாலும் கஞ்சியும்தான்.

சின்னவள் நாள் முந்திப் பிறந்தாள், இரண்டு கிலோகூட இல்லை. வீடே அவளைச் சுற்றி நின்றது. இரண்டு வருஷம் பால் குடித்துத் தேறினாள். பெரியவளை யாரும் பார்க்கவில்லை. சமத்து, தொந்தரவே இல்லை என்று மெச்சிக்கொண்டோம். தொந்தரவு செய்ய அவளுக்குத் தெம்பில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெரு அங்கன்வாடிக்கு ஒரு நர்ஸம்மா வருவார். வாத்துக் கவுனில் இரண்டையும் கூட்டிப்போய், ரெட்டை மாதிரி இல்லையா என்று பெருமையாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எடை பார்த்தார், உயரம் பார்த்தார், அட்டையில் பிறந்த தேதிகளைப் பார்த்தார்.

"சின்னவ வளந்து இவளை எட்டிப் புடிக்கலம்மா. இவ வளராம நின்னுட்டா."

நடந்ததைக் கேட்டுவிட்டு, பாலை நிறுத்தியிருக்கவே வேண்டாம் என்றார். ஒரு பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற இரண்டு வருஷமாவது விட வேண்டும், இல்லாவிட்டால் கையில் இருப்பதற்கும் கேடு, வயிற்றில் இருப்பதற்கும் கேடு என்றார். வீட்டுக்கு வந்து கவுன்களைக் கழற்றிப் பீரோவில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ரெட்டைக் கதையை மட்டும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பெரியவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பெரும்பாக்கம் பக்கம் ஃப்ளாட். அவள் மகளுக்கு எட்டு மாதம். மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"உடனே அடுத்ததையும் பெத்துக்கலாம்னு இருக்கோம்மா. ஒரே வேலையா முடிஞ்சிடும். நாங்க வளந்த மாதிரி, ரெட்டை மாதிரி."

என் கதை என்னிடமே திரும்பி வந்தது. வேப்பிலையிலிருந்து நர்ஸம்மா வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். பூசி மெழுகவில்லை.

தங்கை இப்போது அவளைவிட ஒரு சாண் உயரம். "குட்டை அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். எல்லோரும் சிரிப்போம், இவளும் சிரிப்பாள்.

"அப்போ நான் குள்ளமா இருக்கறது அதனாலதானா?"

"பெரும்பாலும் அதனாலதான்."

"இத்தனை வருஷம் ஏம்மா சொல்லல?"

குழந்தை மார்பை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தது. அவள் அதன் தலையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ குடி," என்றாள். "உனக்குப் பின்னாடி யாரும் வரல இப்போ."