கோவிந்தம்மா குளித்த தண்ணீர்

கடலை ஒட்டிய எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் தண்ணி லாரி வந்தால் முதல் குடம் கோவிந்தம்மாவுடையது. அவள் வாய்க்குப் பயந்து நாங்களே விட்டுக்கொடுத்த இடம். வரிசையில் யாராவது குடத்தை அலம்பிக் கீழே ஊற்றினால், அவர்கள் பரம்பரையையே இழுத்துவைத்து அலம்பிவிடுவாள். ஒருமுறை லாரிக் குழாயில் கால் கழுவினாள் என்று குப்பம்மாளின் குடத்தை எட்டி உதைத்து ரோட்டில் உருட்டினாள். எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அவள் போட்ட சத்தத்தால்தான் கடைசி வீட்டுக்கும் தண்ணீர் கிடைத்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் மருமகன் தேவேந்திரன் ராஜஸ்தான் வரைக்கும் லோடு அடிக்கும் லாரி டிரைவர். போன மாசியில் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே மெத்தை, அடுப்பு, கூடாரமெல்லாம் வைத்து, மனைவி வைஷ்ணவியையும் மாமனார் மாமியாரையும் பாலைவனம் காட்ட அழைத்துப் போனான். அவசரமே இல்லை, பிடித்த இடத்தில் நிறுத்தி, ஆக்கித் தின்று, தூங்கி எழுந்து போகலாம் என்றான். மணல்தான் நம் வாசலிலேயே கொட்டிக் கிடக்கிறதே, அதைப் பார்க்க இவ்வளவு தூரமா என்று மாமனார் தாமோதரன் ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட் தாண்டும்வரை முனகினாராம்.

ஜெய்சல்மேருக்கு அப்பால் ஒரு மணல்வெளியில் கூடாரம் போட்டார்கள். காலையில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, கோவிந்தம்மா மட்டும் எழுந்து சுற்றிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி சிமெண்டு பூசிய வட்டத் தொட்டி ஒன்று, தகர மூடி, பக்கத்தில் கயிறு கட்டிய வாளி. இறைத்து ஒரு வாய் குடித்தாள். கற்கண்டாக இருந்தது.

எங்கள் பக்கம் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். உப்புக் கரிக்கும், ஆனால் மொள்ள மொள்ள ஊறும். மணலென்றால் ஊறும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். அவளும் அப்படித்தான் நினைத்தாள். தலையில் ஏறிய மணல் போகக் குளித்தாள். எல்லோர் துணியையும் துவைத்தாள். கருவாடு வறுத்த சட்டியைத் தேய்த்து மூன்று தண்ணீர் விட்டு அலம்பினாள். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் செலவழித்தாள்.

தலையில் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். ஈர மணலைப் பார்த்தாள். வாளியைத் தொட்டிக்குள் இறக்கினாள். அது அடித்தரையில் இடித்த சத்தம் மேலே கேட்டது. அரைக்குடம் கலங்கல்தான் வந்தது. எழுந்து வந்த தேவேந்திரன் தனக்குத் தெரிந்த லாரி ஹிந்தியில் விசாரித்தான். அது ஊற்றே இல்லை. போன வருஷத்து மழையைச் சேர்த்து மூடி வைத்தது. மூன்று வீட்டுக்கு மிச்சமிருந்த கடைசிக் குடிதண்ணீர். இனி ஆடிக்கு மேல்தான் மழை.

தலைமுடி சொட்டச் சொட்ட நின்றாள் கோவிந்தம்மா. அந்தப் பெண் அவளைப் பார்த்து என்னவோ சொன்னாள்.

"இன்னா சொல்லுதுபா? திட்டுதா?"

"இல்ல அத்தை. தலைய தொவட்டிக்க சொல்லுது. காத்து ஜில்லுனு இருக்குதாம்."

வேனில் இருந்த இரண்டு கேன் தண்ணீரையும் எடுத்து நீட்டினார்கள். அந்தப் பெண் ஒன்றை வாங்கிக்கொண்டு, உங்களுக்கு வழிக்கு வேண்டும் என்று மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஊர் வந்து சேரும்வரை கோவிந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லையாம்.

ஊர் வந்த மறுநாள் தண்ணி லாரி வந்தது. முதலிடத்தை வழக்கம்போல் விட்டு வைத்திருந்தோம். அவள் கடைசியில் போய், குப்பம்மாளுக்குப் பின்னால் நின்றாள். குப்பம்மாள் வேண்டுமென்றே குடத்தை அலம்பிக் கீழே ஊற்றினாள். எல்லோரும் காத்திருந்தோம். அவள் வாய் திறக்கவில்லை.

குப்பம்மாளுக்கே பொறுக்கவில்லை. "இன்னாக்கா, வாய பாலைவனத்துலயே உட்டுட்டு வந்துட்டியா?" என்றாள்.

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி. குப்பம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பொம்பள உன்ன ஒரு வார்த்தை கேக்கலியாக்கா?"

"கேக்கலடி. உன் கொடத்த நான் ஒதச்ச மாதிரி அவளும் ஒதச்சிருந்தா, நிம்மதியா ஊர் வந்து சேந்திருப்பேன்."