பாரூர் ஏரியில் முடிச்சு எண்ணியவன்

எங்கள் கம்பெனி பஸ் ஓசூர் பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது சென்றாயன் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான். அங்கே ஒரு கப்பல் பயிற்சி மையத்தின் விளம்பரப் பலகை நிற்கிறது. மையத்தை நடத்துகிறவர் அவனுடைய அக்கா கணவர் முனிரத்தினம். முதல் மாணவன் இவன்தான்.

பாரூர் ஏரியில் படகில் வைத்துப் பாடம் நடந்தது. சீரான இடைவெளியில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டித் தண்ணீரில் விட வேண்டும். மணல் கடிகாரம் தீர்வதற்குள் கை வழியாக எத்தனை முடிச்சு ஓடுகிறதோ, அதுதான் படகின் வேகம். உள்ளங்கைத் தோல் உரியக் கற்றுக்கொண்டான்.

சென்னையில் இண்டர்வியூ. கப்பலின் வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றதும் கயிறு விடுவதை நடித்தே காட்டினான்.

"தம்பி, ஆதியில இப்படித்தான் அளந்தாங்க. வேகத்தை 'நாட்'னு சொல்றதே அந்த முடிச்சாலதான். இப்ப எல்லாத்துக்கும் கருவி இருக்கு. யாரும் சொல்லலையா?" என்றார் அதிகாரி.

நேரே அக்கா வீட்டுக்குப் போனான்.

"தெரிஞ்சேதான் பண்ணீங்களா மாமா?"

முனிரத்தினம் தட்டிலிருந்து நிமிரவேயில்லை. "சொந்த மச்சானே சேந்தாத்தான்டா ஊர்க்காரன் நம்பிப் புள்ளைய அனுப்புவான்."

அக்கா அவருக்குக் குழம்பு ஊற்றினாள்.

"அந்தப் பலகையக் கிழிச்சுப் போடுறா!" என்று பஸ்ஸில் அவனிடம் நான் கத்தியிருக்கிறேன்.

"அக்கா வீட்டு அடுப்பு அதுலதாண்ணா எரியுது" என்பான்.

பலகையில் வெள்ளைத் தொப்பியோடு, கயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறவன் சென்றாயன். கீழே கொட்டை எழுத்தில்: 'எங்கள் மாணவர், இன்று நடுக்கடலில்.'