திரையில் பூ கொட்டிய அண்ணாச்சி

பழைய குற்றாலம் போகும் சாலையில் வேனை ஓரங்கட்டிவிட்டு, ஓட்டுநர் ஒருவர் கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. திரைக்குள் ரோஜா இதழ்கள் விழுந்துகொண்டிருந்தன. சவாரியை ஏற்கும் பொத்தானைத் தொட்டால் ஒரு திரை போய் அடுத்த திரை வரவேண்டும். எங்கள் செயலியில் அதற்கு நடுவில் பூமாரி பொழிந்தது. "எங்க கல்யாண வீடியோல தாலி கட்டுனதும் இப்படித்தான் பூ கொட்டுச்சு" என்றார் ஓட்டுநர். செயலியில் அந்தப் பூவை வைத்த அண்ணாச்சி பக்கத்தில் நின்றபடி கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "அந்த வீடியோவுக்கு எடிட்டிங் நாந்தாம்வே" என்றார்.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். நான் சுரண்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து செயலிகளுக்கு நிரல் எழுதுகிறவள். அண்ணாச்சி அதுவரை கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர். கூட்டாளி வளைகுடாவுக்குப் போனதும் ஸ்டூடியோவை மூடினார். நாற்பதைத் தாண்டிய வயதில் திரை வடிவமைப்புப் படித்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். முதலாளி சோதனைக் காலம் என்று சொல்லித்தான் எடுத்தார். முதல் செயலி தேறினால் வேலை நிரந்தரம், தேறாவிட்டால் பாவூர்சத்திரத்தில் மச்சினனின் பெயிண்ட் கடை. அங்கே அத்தானுக்கு ஒரு நாற்காலி எப்போதும் உண்டு என்று மச்சினன் விசேஷ வீடுகளில் எல்லார் காதிலும் விழச் சொல்லுவாராம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு முதல் பந்தியில் இலை போட்டு உபசரிப்பார்கள். அதே மாப்பிள்ளை மச்சினனிடம் கைநீட்டிச் சம்பளம் வாங்கினால் இலை எந்தப் பந்திக்கு நகரும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் வீட்டில் மதினியிடம் வேலை நிரந்தரம் என்றே சொல்லிவைத்திருந்தார். "சோதனைக் காலம்னு சொன்னா அவ ராத்திரி தூங்கமாட்டாம்மா" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

அந்தச் செயலி, சீசனில் குற்றாலத்து அருவிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களுக்கானது. வேன்களின் உரிமையாளர் ஒருவருக்காகச் செய்தோம். அண்ணாச்சி வரைந்த முதல் திரை கோயில் கதவுபோல இரண்டாகப் பிளந்து திறந்தது. அடுத்தது தாள்போலப் புரண்டது. இன்னொன்று சுழன்றுகொண்டே வந்து நின்றது. பூமாரியை முக்கியமான இடத்துக்கென்று வைத்திருந்தார். இவை ஒவ்வொன்றையும் திரைதிரையாகத் தனித்தனியே எழுதவேண்டியவள் நான். எனக்கு இயல்பிலேயே பொறுமை கம்மி. "அண்ணாச்சி, இது சவாரி பிடிக்கிற ஆப்பு. சீர்வரிசைத் தட்டு இல்ல" என்று ஒருநாள் வெடித்தேன். திரை மாறுவதற்கு எந்த அசைவும் தேவையில்லை என்பது என் கட்சி. "எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சுட்டா அது நல்லாவா இருக்கும்? பாக்குதவன் கண்ணு எங்க போவும்?" என்பது அவர் கட்சி. அலுவலகத்தில் மற்றவர்கள் எங்கள் சண்டையைக் கேட்டபடியே சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள்.

பழைய குற்றாலத்துச் சாலையில் பூமாரியைப் பார்த்துச் சிரித்த அதே ஓட்டுநர்தான், அன்று மதியம் ஐந்தருவியிலிருந்து வந்த சவாரியை ஏற்கப் பொத்தானைத் தொட்டார். பூ கொட்டத் தொடங்கியது. அது முடிகிறவரை திரை மாறாததால், ஈர விரல் பட்டதா படவில்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் அதே இடத்தில் தட்டினார். அதற்குள் அடுத்த திரை வந்துவிட்டது. அதில் அதே இடத்தில் இருந்தது சவாரியை ரத்து செய்யும் பொத்தான். அருவியில் குளித்துவிட்டுத் தலைகூடத் துவட்டாமல் ஒரு குடும்பம், வராத வேனுக்காகப் பிள்ளைகுட்டிகளோடு சாரலில் நின்றது. உரிமையாளர் போனில் போட்ட சத்தம் ஜவுளிக்கடை வரை கேட்டிருக்கும். முதலாளி என்னை அழைத்து, "அந்தக் கூத்து எல்லாத்தையும் தூக்கிரும்மா" என்றார். அண்ணாச்சியைப் பற்றி, "சீசன் முடியட்டும், பேசிக்கிடலாம்" என்று மட்டும் சொன்னார். வாசலில் நின்ற அண்ணாச்சிக்கு அது கேட்டுவிட்டது.

நான் மறுநாளே எல்லாவற்றையும் தூக்கினேன். செயலிக்கு மொத்தமாக ஒரே இடத்தில் ஒரு விதியை எழுதி வைக்கலாம். தனியாக வேறு எதுவும் சொல்லாதவரை எல்லாத் திரைகளும் அதற்குக் கட்டுப்படும். அந்த இடத்தில் 'அசைவே வேண்டாம்' என்று எழுதினேன். எனக்கு உள்ளுக்குள் வெற்றிக் களிப்புதான், இல்லை என்று சொல்லமாட்டேன். அதே ஓட்டுநரிடம் மறுபடியும் கொண்டுபோய்க் கொடுத்தோம். தொட்டார், திரை பட்டென்று மாறியது. அவர் கண் அதைப் பிடிக்கவில்லை. "தட்டுனேனா தட்டலையான்னே தெரியலயம்மா. உள்ள போயிருக்கேனா, திரும்பி வந்துட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு தட்டு தட்டினார். சவாரி மறுபடியும் ரத்தானது. என் முகத்தில் ஈயாடவில்லை.

நான் சொன்னேன் பார்த்தாயா என்று அண்ணாச்சி கேட்டிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. டீக்கடையில் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரோடு உட்கார்ந்தோம். அவராகவே பேச்செடுத்தார்.

"பூவெல்லாம் தாலி கட்டுறப்ப மட்டுந்தாம்மா. மத்தபடி ஒரே மண்டபத்துக்குள்ள எடுத்ததை ஒட்டும்போது சும்மா வெட்டிட்டுப் போயிருவோம். பொண்ணு வீட்டுலேர்ந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போறப்பதான் படத்தை நகத்துவோம். இடம் மாறுது பாரு, அது தெரியணும்லா."

"அப்ப இதுல மட்டும் எதுக்கு எல்லா இடத்துலயும் பூவக் கொட்டுனீய?" என்றேன்.

"வேலை நிலைக்கணுமேன்னு தெரிஞ்ச வித்தையெல்லாம் மொத்தமா இறக்கிட்டேன்" என்றார். இத்தனை நாளும் அவர் ஜம்பம் காட்டுகிறார் என்றே நினைத்திருந்தேன். அது ஜம்பம் இல்லை, பயம்.

அன்று மாலைக்குள் இருவரும் உட்கார்ந்து ஒரே விதியை எழுதினோம். உள்ளே போனால் புதுத் திரை வலமிருந்து நகர்ந்து வரும். திரும்பினால் அதே வழியில் விலகிப் போகும். அதே திரையில் ஏதாவது மாறினால் அசைவு கிடையாது. நகர்வு எவ்வளவு நேரம் என்பதில் மட்டும் பழையபடி சண்டை வந்தது. கண் பார்த்தால் போதும், காத்திருக்கக் கூடாது என்று கடைசியில் ஒத்துக்கொண்டோம். திரை நகர்கிற நேரத்தில் விரல் பட்டாலும் செல்லாது என்பதையும், ரத்துப் பொத்தானை வேறு மூலைக்குத் தள்ளுவதையும் நான் சேர்த்தேன். பூமாரிக் கோப்பை அவர்தான் அழித்தார். "நல்லாத்தான் கொட்டுச்சு" என்றார். எனக்கும் அப்போது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

மூன்றாம் முறை அந்த ஓட்டுநர் பொத்தானைத் தொட்டார், திரை நகர்ந்தது, கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயேவிட்டார். நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணாச்சி வேன் போன திசையையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் சொல்லாமப் போறாரே" என்றார். "சொல்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, அதான்" என்றேன். சீசன் முடிவதற்கு முன்பே முதலாளி அவரைக் கூப்பிட்டு வேலையை நிரந்தரமாக்கினார். மாடிப்படியில் இறங்கி வந்தவர் கைபேசியை எடுத்தார், பார்த்தார், மறுபடியும் பைக்குள் வைத்துவிட்டார். "யார்ட்ட சொல்ல? வீட்டுல இது மொதநாளே நிரந்தரம்லா" என்றார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது எங்கள் குழுவின் வடிவமைப்பு முழுவதும் அவர் பொறுப்பில். எந்தப் புதுச் செயலியைத் தொடங்கினாலும் முதல் காரியமாக அந்த ஒரே விதியை எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் திரைக்குத் திரை வித்தை காட்டினால் நான் பல்லைக் கடிப்பேன். அவர்தான் "பயப்படுதான், விடு" என்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. அடுக்களையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த மதினியிடம், இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்ற தைரியத்தில், அந்தச் சோதனைக் காலக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் அடுப்பைச் சின்னதாக்கினார்.

"எனக்குத் தெரியாதாக்கும்? மொத வாரமே உங்க முதலாளி வீட்டம்மா கோயில்ல வச்சுச் சொல்லிட்டாவ. அன்னைக்கே எந்தம்பியோட பெயிண்ட் கடைக்குப் போயி, அந்த நாற்காலிக்கு வேற ஆளப் போட்டுக்கோ, இவரு வரமாட்டாருன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"வேலை கிடைக்காமப் போயிருந்தா என்ன மதினி செஞ்சிருப்பீய?" என்றேன்.

"அது எப்படிக் கிடைக்காமப் போவும்?" என்றவர் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏட்டி, இதை அவருகிட்டச் சொல்லிராத. நான் இன்னும் நம்பிக்கிட்டுதான் இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காவ."