மூலையில் எடுத்த மண்

பாலித்தீன் பையில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்தவரை ஆய்வகத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார் கண்ணாடியக்கா. "காய்கறியா வாங்கிட்டு வந்தீங்க? பையில இருக்கிற ரசாயனமும் மண்ணுல இறங்கிடும். கண்ணாடி பாட்டில் தர்றேன், மறுபடி எடுத்துட்டு வாங்க." வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார். மூக்குக்கண்ணாடியே போடாத இவரை எல்லோரும் கண்ணாடியக்கா என்று கூப்பிடுவது இந்தப் பாட்டில்களால்தான்.

மண்ணில் தங்கிவிட்ட பழைய பூச்சி மருந்துகளைத் தேடிப் பிடிப்பது அக்காவின் வேலை. தடை செய்து ஒரு தலைமுறை ஆனபிறகும் அவை லேசில் அழிவதில்லை. மண்ணிலிருந்து கோழிக்கு, முட்டைக்கு, தாய்ப்பாலுக்கு என்று ஏறிக்கொண்டே போகும். "விருந்தாளின்னு நினைச்சீங்களா? வீட்டோட மாப்பிள்ளைங்க. கிளம்பவே கிளம்பாது," என்பார். சோதனையைக் கெடுத்துவிடும் என்று கைக்குக் களிம்புகூடப் பூசுவதில்லை. கல்யாண வீட்டில் தங்கை, கையா இது, உப்புத்தாளா என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வாரம் அந்தச் சிரிப்பைக் காணோம். மூடிக்கிடந்த பூச்சி மருந்துக் கிடங்குக்கு வெள்ளையடித்துக் குழந்தைகள் காப்பகம் ஆக்கியிருக்கிறார்கள். பின்பக்கம் விளையாட்டு இடம். முன்பு பீப்பாய்கள் ஒழுகிய மூலையில் எடுத்த மண்ணில் மருந்து எக்கச்சக்கம். மற்ற இடமெல்லாம் புதிதாகக் கொட்டிய மண், சுத்தமாக இருக்கிறது. ஊஞ்சலை எங்கே நட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? நிழல் விழுகிற அதே மூலையில்.

கட்டடக்காரர் ஆய்வக மேலாளருக்கு வேண்டியவர். எல்லா பாட்டில் மண்ணையும் ஒன்றாகக் கலந்து சோதித்தால் சராசரி வரம்புக்குள் வந்துவிடும், திங்கட்கிழமையே திறந்துவிடலாம் என்று மேலாளர் வழி சொன்னார். பரந்த வயலுக்கு அப்படிக் கலப்பது முறைதான். விஷம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே கலப்பதற்குப் பெயர் அயோக்கியத்தனம், வேறென்ன?

அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. "சராசரியில யாரும் விளையாடப் போறதில்ல சார். பிள்ளைங்க அந்த மூலையிலதான் உட்காரும். அந்த மண்ணைத்தான் வாயில வைக்கும்."

"ரூல்ல இடம் இருக்கும்மா. கலந்துடுங்க."

அக்கா மூலை மண் இருந்த பாட்டிலைத் திறந்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு காலித் தட்டு.

"நீங்களே கையால கலந்துடுங்க சார்."

மேலாளர் கையை நீட்டினார். பாட்டில் வாய்க்குக் கிட்டே போன விரல்கள் நின்றுவிட்டன. கண்கள் கையுறைப் பெட்டியைத் தேடின. அக்கா அந்தப் பெட்டியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.