பீடோர் மோட்டார் ஹோமின் கூரை

சிலிபின் ஊரில் ஒரு பஸ் பாடி பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் கூரை வேலை பார்த்தேன். அதில் ஒரே ஒரு முறைதான் வேலையைப் பாதியில் விட்டு ஓடப் பார்த்தேன். அது எண்பதுகளின் தொடக்கம்.

பீடோரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காசிம் பாய் ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கியிருந்தார். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் நாட்டுக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கூரையில் மேலே பைபர் தகடு, நடுவில் பிளைவுட், உள்பக்கம் மெல்லிய பலகை. தண்ணீர் இறங்கி ஒட்டு விட்டு, கூரை அப்பளம் போல உப்பிவிட்டது.

"எஞ்சின் ஓடல லா. நீங்கதான் தோட்டத்துக்குப் போய்ப் பாக்கணும்" என்றார் பாய்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

"யாரு இருக்கா? தோட்டத்தையே மூடிட்டாங்க. வண்டி பூட்டிக் கெடக்கு. சாவியத் தேடி அப்புறம் தாரேன்."

மறுநாள் காலை போனேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். பால் வெட்டாத மரங்களுக்கு நடுவே வண்டி நின்றது. ரப்பர் காய்கள் வெடிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஜன்னல்களில் திரை. கதவில் பூட்டு. பூட்டில் துருவே இல்லாததை நான் யோசிக்கவில்லை.

ஏணி வைத்து ஏறினேன். சுத்தியல் பிடியால் கூரையைத் தட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. கெட்டியான இடம் 'டக்' என்னும். ஒட்டு விட்ட இடம் 'பொத்' என்னும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். முன்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே பின்பக்கம் வந்தேன்.

'பொத்.'

கீழே இருந்து 'டொக்' என்றது.

வெயிலில் பலகை நெரிகிறது என்று நினைத்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி 'டொக்'. கையை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. கெட்டியான இடத்தில் தட்டினேன், பதில் இல்லை. உப்பிய இடத்தில் தட்டினேன். இந்த முறை அவசரமாக இரண்டு தட்டு.

இறங்கி வந்து சுவரில் காதை வைத்தேன். உள்ளே ஏதோ மூச்சு வாங்கியது.

"யாரு?"

பதிலுக்கு வந்தது பேச்சு இல்லை. கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு குரல். சாமான்களை அப்படியே போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாவியைத் திருகினேன்.

"அண்ணே, போயிடாதீங்க."

பக்கத்தில் எண்ணெய்க்காகப் போட்ட செம்பனைக் காட்டிலிருந்து கையில் அரிவாளோடு ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் அஞ்சலை.

"உள்ள என் வீட்டுக்காரரு இருக்காரு அண்ணே. தொரைக்கு இந்த வண்டிய ஓட்டுனவரு. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துருச்சு, பேச்சும் இல்ல. லயத்த இடிச்சிட்டாங்க, வேற எங்க போறது? புல்லு வெட்டப் போறப்ப பூட்டிட்டுப் போவேன். பாய்க்குத் தெரியாது."

கதவைத் திறந்தாள். படுக்கைக்கு மேலே உள்பலகை தூளி போல் தொங்கியது. அடியில் அந்த மனிதர், இடக்கையில் ஒரு குச்சி. முகமெல்லாம் பழுப்புத் தண்ணீர். அவரால் தலையைத் திருப்ப முடியாது. நான் மேலே தட்டத் தட்ட, அது அவர் கண்ணிலும் வாயிலும் சொட்டியிருக்கிறது. நிறுத்து என்றுதான் குச்சியால் பலகையை இடித்திருக்கிறார்.

இருவருமாகப் படுக்கை விரிப்போடு அவரைத் தூக்கி மரத்தடியில் படுக்க வைத்தோம். நான் மேலே போய்த் தகட்டின் ஓரத்தை அறுத்ததும் உள்பலகை மொத்தமாக இறங்கியது. ஊறிய பிளைவுட்டும் தண்ணீரும் விழுந்து தலையணை இருந்த இடமே தெரியவில்லை.  அஞ்சலை கணவரின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தகவல் சொன்னதும் காசிம் பாய் வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வண்டிக்குள் ஏறி, தலையணை மேல் கிடந்த பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

"கடைக்குப் பின்னால ஒரு ரூம் சும்மா கெடக்கும்மா. அவரக் கூட்டிட்டு வா, போலாம்."

அழுகியதை எடுத்து, காயவிட்டு, புது பிளைவுட் வைத்து ரெசின் பசை பூசி முடிக்க இரண்டு வாரம் ஆனது. நல்ல கூரைதான். ஆனால் அஞ்சலை வர ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் நான் போயிருப்பேன், அவர் அந்தப் பலகைக்கு அடியிலேயே கிடந்திருப்பார், தோட்டத்தில் பேய் இருக்கிறது என்று பட்டறையில் கதை சொல்லியிருப்பேன். வேலைக்குப் போகும் தம்பிகள், கருவியை எடுக்கும் முன் கதவைத் திறக்கச் சொல்லி நீங்களே உள்ளே போய்ப் பாருங்கள். உள்ளே யாரும் இல்லை என்று சொல்பவர் பெரும்பாலும் உள்ளே போய்ப் பார்த்தவரில்லை.